தோல் பிடி போட்ட வேட்டைக் கத்திகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பல ஆண்டுகளாக வசித்து, நவம்பர் 15-ஆம் தேதி தொடங்கும் துப்பாக்கி மான் வேட்டைக் காலத்தில் ஆண்டுதோறும் காட்டுக்குச் செல்பவன் என்ற முறையில், தோல் பிடி போட்ட மடங்காத கத்திகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் உறுதியான பிடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. தோல் பிடியை விரும்புவதற்குப் பழைமை மீதுள்ள பற்றைத் தவிர வேறு காரணம் உண்டா?

உண்டு. உறைபனி கொட்டும் காலையில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கத்தியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு முதல் காரணம் விளங்கிவிடும். இரும்பு கையின் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். தோல் அப்படி இழுக்காது என்பதால் விரல்கள் மரத்துப்போகாமல் வேலை செய்கின்றன. இரண்டாவது காரணம் பிடிமானம். மானின் வயிற்றைக் கிழித்துக் குடலை அகற்றும்போது கை முழுவதும் இரத்தமும் கொழுப்பும் படிந்துவிடும். அந்த நிலையில் வழவழப்பான பிளாஸ்டிக் பிடி நழுவும், தோலோ சற்று ஈரம் பட்டதும் உள்ளங்கையோடு ஒட்டி நிற்கும். கூரான அலகின்மேல் விரல் வழுக்கி ஏறுவதே வேட்டைக்காரர்கள் அதிகம் அஞ்சும் விபத்து என்பதால் இதைச் சிறிய நன்மையாக நான் எண்ணவில்லை. இவை தவிர, ஆண்டுக்கணக்கில் ஒரே கை பிடித்துப் பிடித்துத் தோல் கறுத்து, மெருகேறி, அந்தக் கையின் வடிவத்துக்குச் சற்றே இணங்கிவிடுகிறது. என் கத்தியை இருட்டில் எடுத்தாலும் அலகின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும்.

கேள்வி: தோலைச் சுற்றி ஒட்டுகிறார்களா? பிடியின் குறுக்கே வரிவரியாகத் தெரிவது என்ன?

சுற்றுவதில்லை. தடித்த மாட்டுத் தோலிலிருந்து நடுவில் துளையுள்ள வில்லைகளை வெட்டி, அலகிலிருந்து பின்னோக்கி நீளும் ஒடுங்கிய இரும்புத் தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, இறுக அழுத்தி, கடைசியில் உலோகக் குமிழ் ஒன்றைப் போட்டுத் தண்டின் முனையோடு பூட்டிவிடுவார்கள். அதன்பிறகுதான் அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துப் பிடியின் வடிவத்தைக் கொண்டுவருவார்கள். நீங்கள் பார்க்கும் வரிகள் அந்த வில்லைகளின் ஓரங்களே. இடையிடையே தெரியும் சிவப்பு, கறுப்புக் கோடுகள் நார்ப்பலகை வில்லைகள், மஞ்சள் கோடுகள் பித்தளை வில்லைகள். பின்லாந்துக்காரர்கள் இதே முறையில் பூர்ச்ச மரப்பட்டையைக் கோத்துத் தங்கள் பூக்கோ கத்திகளுக்குப் பிடி அமைக்கிறார்கள்.

இம்முறையின் நுட்பம் முழுவதும் அந்த அழுத்தத்தில் இருக்கிறது. தளர்வாகக் கோத்த பிடி இரண்டு கோடைகளில் சுருங்கி வில்லைகள் தனித்தனியே சுழலத் தொடங்கும். நன்றாக அழுத்திய பிடி ஏறத்தாழ மரக்கட்டையைப் போலவே இருக்கும். கடையில் கத்தியை வாங்கும்போது பெருவிரலால் வில்லைகளைத் திருக முயன்று பாருங்கள். சற்று அசைந்தாலும் வாங்க வேண்டாம்.

கேள்வி: இவற்றை முதலில் பரவலாக்கியவர்கள் யார்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனெனில் விடையின் பெரும்பகுதி நான் வாழும் மாநிலத்திலேயே இருக்கிறது. மிச்சிகனின் வடபகுதியில் உள்ள கிளாட்ஸ்டன் என்ற ஊரில், காடுகளை அளந்து மரங்களை மதிப்பிடும் தொழிலைச் செய்துவந்த வெப்ஸ்டர் மார்பிள் என்பவர், வனத்தில் தமக்கு வேண்டியிருந்த கருவிகளைத் தாமே வடிவமைத்து விற்கத் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனம் விற்ற ‘ஐடியல்’ கத்தி, தோல் வில்லைப் பிடியை அமெரிக்க வேட்டைக்காரர்களின் வழக்கமாகவே ஆக்கிவிட்டது. அதே மாநிலத்தில் வில்லியம் ஸ்கேகல் என்ற கைவினைஞர் தோல் வில்லைகளோடு மான்கொம்பையும் சேர்த்துத் தனித்தனியாகக் கத்திகள் செய்துவந்தார். 1930-களில் மிச்சிகனின் வாலூன் ஏரிக்கரையில் ஒருவர் ஸ்கேகலின் கத்தியால் படகின் வண்ணப்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்படிச் சுரண்டியும் அதன் கூர் கெடாததைக் கண்டு வியந்த போ ராண்டல், பிற்பாடு புளோரிடாவின் ஆர்லாண்டோவில் தாமே கத்தி செய்ய இறங்கினார். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் ராண்டல் கத்திகள் அங்கிருந்துதான் வந்தன.

1942-இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை ஏற்றுக்கொண்ட ஏழு அங்குல அலகுடைய கத்தியும் இந்த மரபைச் சேர்ந்ததே. அதைப் பல நிறுவனங்கள் செய்துகொடுத்தாலும், நியூயார்க் மாநிலத்து ஒலியன் நகரில் இயங்கிய யூனியன் கட்லரியின் முத்திரைப் பெயரான ‘கா-பார்’ என்பதே அதற்கு நிலைத்துவிட்டது.

கேள்வி: முகாமுக்குக் கா-பார் கத்தியையே வாங்கலாமா?

என் கருத்தில் அது நீளம் அதிகம். மானை உரிப்பதற்கும் முகாமில் கயிறு, இறைச்சி, காய்கறி வெட்டுவதற்கும் நான்கு முதல் ஐந்து அங்குல அலகு தாராளமாகப் போதும். அலகு நீள நீள அதன் முனை கைக்குக் கட்டுப்படாமல் போய், குடலையோ சிறுநீர்ப்பையையோ குத்தி இறைச்சியைக் கெடுத்துவிடும்.

கேள்வி: கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கிறார்களே, தோல் பிடி தாங்குமா?

கட்டைவிரல் பருமனுள்ள சுள்ளி என்றால் தாங்கும். அதற்கு மேல் வேண்டாம். ஒடுங்கிய தண்டு அலகோடு சேருமிடத்தில் அடியின் அதிர்ச்சி குவிவதோடு, தொடர்ந்து அடித்தால் குமிழும் தளரும். விறகுக்கு ஒரு சிறிய கைக்கோடரியை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தோல் பிடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? என் கத்தியின் பிடி வெளிறிக் காய்ந்திருக்கிறது.

தேங்காய் எண்ணெய் மட்டுமன்று, எந்த எண்ணெயையும் தாராளமாகத் தடவாதீர்கள். செருப்புக்கும் பெல்ட்டுக்கும் தோல் இளகுவது நல்லது. பிடிக்கோ அது இறுகியே இருக்க வேண்டும். எண்ணெயில் ஊறிய வில்லைகள் மெத்தென்று ஆகி, அழுத்தத்தை இழந்து, பிடியையே ஆட்டங்காண வைத்துவிடும். ஈரத்துணியால் அழுக்கை எடுத்து, நிழலில் ஓரிரு நாள் உலரவிட்டு, தேன்மெழுகு கலந்த பூச்சை மிக மெல்லியதாகத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் போதும். இரத்தம் பட்ட பிடியைச் சிறிது சோப்பு நீரில் விரைவாகத் துடைத்து எடுங்கள், ஊறப்போடாதீர்கள். நனைந்த பிடியை நெருப்பருகே வைத்து உலர்த்துவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. நான் முதல் ஆண்டிலேயே அப்படிச் செய்து, வில்லைகளுக்கிடையே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழவைத்தேன். குமிழைப் பூட்டியிருந்த ஆணியைத் தட்டி எடுத்து, இன்னும் இரண்டு வில்லைகளைச் சேர்த்து அழுத்திப் பூட்டிய பிறகே அது மறுபடியும் பயன்பட்டது.

கேள்வி: இந்தியாவில் இத்தகைய கத்தியை வைத்திருக்கலாமா?

வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரியவை அல்லாத கத்திகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை ஆயுத விதிகளின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. நான் பரிந்துரைக்கும் அளவு அதைவிடச் சிறியது. எனினும் பொது இடத்துக்கு எடுத்துச் செல்லுமுன் உள்ளூர் காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வேட்டைக்கு இடமில்லை என்பதால், முகாம் கத்தியாக மட்டுமே இதைக் கருதுங்கள்.

கேள்வி: கத்தியை உறையிலேயே வைத்திருந்தேன், அலகில் துருவும், அலகுக்கும் பிடிக்கும் இடையிலுள்ள பித்தளைக் காப்பில் பச்சைக் களிம்பும் வந்துவிட்டன. ஏன்?

தோலுறை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடும்போது தோலில் தங்கும் பொருள்கள் அந்த ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். தோலின் கொழுப்பு பித்தளையில் உள்ள செம்போடு சேர்வதால் களிம்பு உண்டாகிறது. கார்பன் எஃகு அலகு என்றால் இது இன்னும் விரைவாக நடக்கும். களிம்பை மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, அலகில் எண்ணெயை ஒரு பூச்சாகத் தடவிக் காகிதத்தில் சுற்றி, கத்தியை ஒரு பெட்டியிலும் உறையை வேறோர் இடத்திலும் வையுங்கள். இடுப்பில் கட்டிச் செல்லும் நாள்களுக்கு மட்டுமே உறை.