ஆல்டோவுக்கு மாற்றியது அவமானமா?

கேள்வி: எனக்கு வயது 47. பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் 19 வருஷமாக சோப்ரானோ (பெண்களின் மேல் குரல், பாட்டின் ராகம் பாடுகிற வரிசை) பாடுகிறேன். புதிதாக வந்த கொயர் மாஸ்டர் போன மாதம் பிராக்டிஸ் நடுவில், எல்லோர் முன்னாலும், "அக்கா, நீங்க இனிமே ஆல்டோ பக்கம் வந்துருங்க" என்றார். கேரல் சர்வீஸ் சோலோவும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் போய்விட்டது. பெண்களின் கீழ்க் குரலான ஆல்டோவில் பாடினால் என் குரல் யாருக்குக் கேட்கும்? பேசாமல் விலகிவிடலாமா?

பதில்: எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. தனியாகக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஆனால் சொன்ன விதம் தப்பு என்பதால் சொன்ன விஷயமும் தப்பாகிவிடாதே அக்கா.

நாற்பத்தைந்தைத் தாண்டினால் பல பெண்களுக்குக் குரல் கொஞ்சம் கனத்து இறங்கும். உங்களுக்கும் அப்படியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சாயங்காலம், நன்றாகத் தெரிந்த ஞானப்பாட்டு ஒன்றை, தாளில் போட்டிருக்கிற சுருதியிலேயே பாடுங்கள் (கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கி இரண்டு இறக்கிவிட்டால் நாம் எல்லோருமே சோப்ரானோதான்). உச்ச ஸ்வரம் வரும்போது தாடை தானாக மேலே போகிறதா, தோள் தூக்குகிறதா, நாலாவது சரணத்தில் தொண்டை பிடிக்கிறதா? ஆமாம் என்றால் அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இல்லை என்றால் நேராகப் போய், "தம்பி, என்னைத் தனியாக ஒருதரம் பாடவைத்துக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள்.

ஆல்டோ என்றால் ராகம் எட்டாதவர்களை ஒதுக்கும் இடம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. சேர்ந்த புதிதில் எனக்கும் இருந்தது. என் கையில் கொடுத்த சோல்ஃபா (ஸ்வரங்களை டோ, ரே, மி என்று எழுத்தால் குறிக்கும் முறை) தாளில் முதல் வரி முழுக்க சோ, சோ, சோ, சோ, நடுவில் ஒரே ஒரு ஃபா, மறுபடி சோ. இதற்கு ஒரு ஆளா என்று சிரித்தேன். பாட ஆரம்பித்ததும் பக்கத்தில் சோப்ரானோக்கள் மேலே ஏற, நானும் என்னை அறியாமல் அவர்கள் பின்னாலேயே போய்விட்டேன். அந்த ஒரு சோவை அசையாமல் பிடித்து நிற்க மூன்று மாதம் ஆனது. ராகத்தைப் பாடச் சபையே இருக்கிறது, நீங்கள் பாடாவிட்டாலும் பாட்டு ஓடும். ஆல்டோ விட்டுப்போனால் பாட்டின் நடுவில் ஓட்டை விழும், என்ன குறைகிறது என்று உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்லத் தெரியாது, ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரியும்.

அப்புறம், மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டில்தானே நாலு பாகம் (சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களுக்கு டெனர், பேஸ்)? நம்மூர் ராகத்தில் அமைந்த கீர்த்தனைக்கு வந்தால் பழையபடி எல்லோரும் ஒரே ராகம்தான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ராகம், தாளம் வைத்து எழுதியதில் ஆல்டோவை எங்கே கொண்டுபோய்ச் சொருகுவது! அங்கே வாய்விட்டுப் பாடிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

சோலோ வேறு விஷயம், இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 19 வருஷத்தில் உங்களுக்கு எத்தனை தடவை வந்திருக்கும்? அந்தப் பெண்ணுக்கு இது முதல் தடவையாக இருக்கலாம். கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதற்காகக் கொடுத்தார்கள் என்றால் கதையே வேறு, ஆனால் நீங்கள் அப்படி எழுதவில்லை, நானும் கிளறவில்லை.

விலக வேண்டாம், இந்தக் கிறிஸ்துமஸ் வரையாவது பாடிப் பாருங்கள். சோல்ஃபா பழகியவர்தானே நீங்கள்? ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களும் பாட வேண்டும் என்றுதான் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் போதகர் ஜான் கர்வன் இந்த முறையைப் பரப்பினார். சோப்ரானோ வரி படிக்கத் தெரிந்தால் அதற்கு அடுத்த வரியும் தெரியும். எழுத்தின் கீழ்ப்பக்கம் சின்னக் கோடு இருந்தால் கீழ் ஸ்தாயி; சோப்ரானோவில் அதை அவ்வளவாகப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆல்டோவில் அடிக்கடி வரும். முதல் இரண்டு வாரம் அந்த இடங்களுக்கெல்லாம் வட்டம் போட்டு வையுங்கள். பென்சிலால் போடுங்கள், கொயர் ஃபைல் நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போகும்.