பத்து நாளில் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: உயர்தரம் படிக்கும் 17 வயது மகள் இரண்டு மாதமாகச் சாப்பாடு எடுக்கிறாளில்லை, விடிய மூன்று மணிக்கே முழித்துவிடுகிறாள். மனச்சோர்வு என்று ஆஸ்பத்திரியில் ஃபுளூக்செற்றின் தந்தார்கள். பத்து நாளாகியும் மாற்றமில்லை. தெரிந்த ஒருவர், குளிசையை எறிந்துவிட்டு 25,000 ரூபாய் தந்தால் கொழும்பில் காட்டித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்ய?
– ஒரு தாய், முல்லைத்தீவு

பதில்: எறியாதீர்கள் அம்மா. பத்து நாள் காணாது. பலன் தெரியத் தொடங்க 2 முதல் 4 கிழமை, முழுதாகத் தெரிய 6 கிழமை வரை செல்லும். முதலில் வருவது வயிற்றுப் பிரட்டலும் தலையிடியும்தான். காலைச் சாப்பாட்டோடு கொடுங்கள், இரவில் கொடுத்தால் இருக்கிற நித்திரையும் கெடும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகக் கொடுக்க வேண்டாம். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இதையெல்லாம் கிளினிக்கிலேயே சொல்லியிருக்க வேண்டும். விடியவே வந்து வரிசையில் நிற்கும் தாய்க்கு ஐந்து நிமிடம் ஒதுக்காமல், துண்டில் 'காலை 1' என்று எழுதி அனுப்புவது வைத்தியமா?

அந்த இடைவெளிக்குள்தான் தரகர்கள் நுழைகிறார்கள். கொழும்பிலும் இதே மருந்தைத்தான் எழுதுவார்கள். அரச ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் இலவசம், இடையில் ஒருவருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. துண்டில்லாமல் நித்திரைக் குளிசை விற்கும் கடைக்கும் போகாதீர்கள். அது சோர்வை மாற்றாது, பழக்கமாகிவிடும்.

ஒரு நிலைமையை மட்டும் கவனமாகப் பாருங்கள். இரண்டு மணித்தியாலமே படுத்தும் களைப்பில்லாமல், ஓயாமல் பேசி, பெரிய பெரிய திட்டம் போடத் தொடங்கினால் கிளினிக் நாள் வரை பார்த்திராமல் அன்றே கொண்டுபோங்கள். அது சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம், இந்தக் குளிசையை மட்டும் தனியே கொடுத்தால் அதைக் கிளப்பிவிடக்கூடும். தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ யாருக்காவது அப்படி இருந்திருந்தால் இப்போதே டொக்டரிடம் சொல்லுங்கள். கலியாணப் பேச்சுக்குப் பயந்து இதை மறைக்கிறார்கள், பிள்ளைதான் அனுபவிக்கிறது.

25 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் கிழமைகளில் பதற்றமும் சாகும் எண்ணமும் கூடக்கூடும். "சாக வேணும்போல இருக்கா பிள்ளை?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஓம் என்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம். வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களை இன்றே வீட்டிலிருந்து அகற்றுங்கள். குளிசைப் பெட்டி உங்கள் கையில் இருக்கட்டும், தினமும் எண்ணுங்கள். அடுத்த கிளினிக்கில் தைரொயிட் சோதனையும் இரத்தச் சோகைச் சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். தைரொயிட் குறைபாடும் இரத்தச் சோகையும் இதே போன்ற சோர்வைத் தரலாம்.