டைல், மாபிள் கிளீனிங், ரிப்பேர் வேலைய கொழும்புல கையால செஞ்சு பழக எங்க போறது?

சேர்டிபிகேட் மட்டும் தாற ரெண்டு நாள் கோர்ஸுக்கு காசு குடுக்காதீங்க. ராஜகிரியல இருக்கிற நைட்டா (அரசாங்கத்தோட பயிலுனர் பயிற்சி அதிகார சபை, NAITA), நாரஹேன்பிட்டல விடிஏ (தொழிற்பயிற்சி அதிகார சபை, VTA) ரெண்டுலயும் கேட்டுப் பாருங்க, நைட்டால பயிலுனரா சேர்ந்தா வேலை நடக்கிற இடத்துலயே பழகலாம், ஆனா கல்லு பொலிஷ்னா ஒரு நல்ல பாஸுக்கு கீழ கொஞ்ச மாசம் நிக்கத்தான் வேணும்.

பழக்கிறவர் சரியான ஆளா எண்டு பாக்க ஒரு கேள்வி போதும்: மாபிள்ல அசிட் ஊத்தலாமா? "கொஞ்சமா ஊத்தலாம்" எண்டா திரும்பி வந்துருங்க. மாபிள் கல்சியம் காபனேற்று, அசிட் பட்டா மேல்பக்கமே அரிச்சு பளபளப்பு போயிரும், அது கறை இல்ல, கழுவினா போகாது, டயமண்ட் பேட்ல (வைரத்தூள் பதிச்ச தேய்க்கிற வட்டு) சொரசொரப்பானதுல இருந்து மெல்லிசானது வரைக்கும் படிப்படியா தேய்ச்சுத்தான் திரும்ப எடுக்கணும். பழைய வீடுகள்ல இருக்கிற டெராசோவுக்கும் (சீமெந்துல மாபிள் துண்டு கலந்து போட்ட தரை) இதே கதைதான்.

சேர முதல் மெஷினை உங்க கையில தருவாங்களா, டைலுக்கு நடுவுல இருக்கிற பழைய கிரவுட்டை (இடைவெளில நிரப்புற கலவை) சுரண்டி எடுத்து புதுசு நிரப்ப விடுவாங்களா எண்டு கேளுங்க. சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு யூடியூப் இருக்கே.