'சென்ட்ரல் ஸ்டேஷன்' படத்தில் டோராவுக்கு அந்தச் சிறுவன்மேல் இருப்பது அன்பா, குற்ற உணர்ச்சியா?

வால்டர் சாலெஸ் இயக்கி 1998இல் வந்த பிரேசில் படம். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரியோ டி ஜெனிரோவின் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் டோரா. ஓய்வுபெற்ற ஆசிரியை. அவளிடம் கடிதம் எழுதிக்கொண்ட ஒரு பெண் நிலையத்துக்கு வெளியே பஸ் மோதி இறந்துபோகிறாள். தனியாக நிற்கும் மகன் ஜோசுவேயை டோரா ஒரு கும்பலிடம் விற்று, அந்தப் பணத்தில் டிவி வாங்குகிறாள். தோழி இரேனே கடிந்துகொண்ட பிறகு, திரும்பப் போய் அவனை மீட்டு, அவன் அப்பாவைத் தேடிப் பஸ் ஏறுகிறாள்.

மீட்டது குற்ற உணர்ச்சியால்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதி வழியில் அவனைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு நழுவத்தானே பார்க்கிறாள்?

ஆனால் அவள் செய்ததிலேயே என்னால் மன்னிக்க முடியாதது, அவனை விற்றதைவிட அவள் வீட்டு இழுப்பறைதான். காசு வாங்கிக்கொண்டு எழுதிய கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோய், இரேனேயோடு உட்கார்ந்து படித்துச் சிரித்து, சிலதைக் கிழிக்கிறாள், சிலதை இழுப்பறையில் போட்டு மூடுகிறாள். யாருடைய சொல் யாருக்குப் போய்ச் சேரலாம் என்று அவளே முடிவு செய்கிறாள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நானும் அதைச் செய்திருக்கிறேன். ஏழாவது படிக்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக, பம்பாயில் இருந்த அவர் மகனுக்கு இன்லாண்ட் லெட்டர் எழுதிக் கொடுப்பேன். ஒருமுறை, "கண்ணு சரியாத் தெரியல, ஒரு நடை வந்துட்டுப் போப்பா" என்று சொன்னார். மடிப்பு வரைக்கும் எழுதியாயிற்று, விளையாடப் போகிற அவசரம், அந்த வரியை விட்டுவிட்டேன். படித்துக் காட்டும்போது மட்டும் இருப்பதுபோலவே படித்தேன். பாட்டி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

சரி, டோரா எங்கே மாறுகிறாள்? யாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே அவனைக் கண்டபடி திட்டுகிறாள். அவன் ஓடுகிறான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே தேடி, மயங்கி விழுகிறாள். விடிந்து பார்த்தால் அவள் தலை அவன் மடியில் இருக்கிறது. யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அங்கே தலைகீழாகிவிட்டது. அதற்கப்புறம் அந்த ஊரில் எழுதிய கடிதங்களை அவள் தபாலில் போடுகிறாள்.

கடைசியில் அப்பா கிடைக்கவில்லை. அங்கே இருக்கும் ஜோசுவேயின் அண்ணன்மார் இருவரும், அப்பா எழுதிவைத்துப் போன கடிதத்தைப் படிக்கச் சொல்லி டோராவிடம் நீட்டுகிறார்கள். மூத்த பிள்ளைகள் பெயரைப் படித்தவள் ஒரு நொடி தயங்கி, ஜோசுவேயின் பெயரையும் சேர்க்கிறாள், அவனைப் பார்க்க அப்பா ஆசைப்படுவதாக. தாளில் அது இல்லை என்பதை டோராவாக நடித்த ஃபெர்னாண்டா மொண்டெனெக்ரோவின் முகத்தில் அந்தத் தயக்கம் சொல்லிவிடுகிறது. இதுவும் பொய்தான். ஆனால் இல்லாத வரியைப் படித்து நான் ஏமாற்றியது என் சௌகரியத்துக்காக. அவள் படித்தது அவனுக்காக. அன்பு என்று நான் சொல்வது அந்த ஒரு வரியைத்தான்.

அவளுடைய அப்பாவும் அவளை விட்டுப் போனவர். வளர்ந்தபின் தெருவில் எதிர்ப்பட்டபோது மகள் என்றே தெரியாமல் பேசியவர். அதனால்தான் விடியுமுன், ஜோசுவே தூங்கும்போதே கிளம்பிப் பஸ்ஸில் உட்கார்ந்து அவள் எழுதும் கடிதத்தில், நீயும் ஒருநாள் என்னை மறந்துவிடுவாயோ என்ற பயம் இருக்கிறது.

அவள் தனக்காக ஒரு கடிதம் எழுதுவதை நாம் பார்ப்பது அப்போதுதான். அதைத் தபாலில் போட்டாளா என்று படம் காட்டவில்லை. போட்டிருப்பாள் என்றுதான் நம்புகிறேன்.