காசநோய்க் கிருமி கொழுப்பைத் தின்று வாழ்கிறது என்றால், நோயாளி முட்டை, எண்ணெயை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். நெல்லிக்குப்பத்தில் காசநோயோடு இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கு முட்டையும் கடலையும் தாராளமாகக் கொடுங்கள். புதுச்சேரியில் ஒரு சளிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கிருமியை வளர்க்க நாங்களே முட்டையை உடைத்துக் கலக்குகிறோம் என்பதால், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. எலியின் நுரையீரலில் வளர்ந்த கிருமி குளுக்கோஸைக் கண்டுகொள்ளவில்லை, கொழுப்பு அமிலம் கொடுத்தால்தான் அதன் சுவாசம் வேகமெடுத்தது என்று 1956-லேயே சீகலும் பிளாக்கும் காட்டினார்கள். 1998-இல் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, கொழுப்பைக் கையாள மட்டும் சுமார் 250 நொதிகள் இருந்தன. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு 50 சொச்சம்தான்.

அதன் தந்திரம் இப்படி. தன்னை விழுங்கிய ரத்த வெள்ளணுவையே கொழுப்புத் துளிகளைச் சேர்த்துவைக்க வைத்துவிடும். பிறகு தன் சுவரில் உள்ள எம்சிஇ1 என்ற வாசல் வழியாகக் கொழுப்பு அமிலத்தையும், எம்சிஇ4 வழியாகக் கொலஸ்ட்ராலையும் உள்ளே இழுக்கும். உள்ளே போனதும் கொழுப்பு அமிலத்தில் கோ-என்சைம் ஏ என்ற துணை மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும். கரும்பைக் கணுக் கணுவாக முறிப்பதுபோல் இரண்டிரண்டு கார்பனாக வெட்டு விழும். பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன்: ஏழு வெட்டு, அசிட்டைல் எனப்படும் இரண்டு கார்பன் துண்டுகள் எட்டு.

இதுவரை நம் உடலும் செய்கிற வேலைதான். ஆனால் அந்தத் துண்டுகளிலிருந்து நம்மால் சர்க்கரை செய்ய முடியாது. செல் சத்தை எரித்து ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியில் இரண்டு கார்பன் உள்ளே போனால் இரண்டு கார்பன் கரியமில வாயுவாக வெளியே போய்விடும். காசநோய்க் கிருமி அந்த இழப்புப் படிகளைத் தாண்டிக் குறுக்கு வழியில் போகிறது. அதற்கு கிளையாக்சிலேட் வழி என்று பெயர். விருத்தாசலம் பக்கம் விதைக்கிற மணிலா (வேர்க்கடலை) முளைக்கும்போது தன் எண்ணெயைச் சர்க்கரையாக்குவதும் இதே வழியில்தான்! வழியைத் திறப்பது ஐசோசிட்ரேட் லையேஸ் என்ற நொதி. கொலஸ்ட்ரால் உடையும்போது புரோப்பியோனைல் என்ற துண்டும் வரும், மிஞ்சினால் அது கிருமிக்கே விஷம். அதைச் சமாளிப்பதிலும் இந்த நொதிக்குப் பங்குண்டு. இதற்கான இரண்டு மரபணுக்களையும் நீக்கிய கிருமி எலியின் நுரையீரலில் தாக்குப்பிடிக்காமல் அழிந்துபோனது. 2005-இல் வந்த முடிவு இது. நம்மிடம் இல்லாத நொதி, மருந்துக்கு அருமையான குறி. ஆனால் அந்த நொதியில் மருந்து பொருந்த வேண்டிய குழி ரொம்பச் சின்னது. அதனால் இன்னும் கடைக்கு எதுவும் வரவில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சித்தப்பா இளைப்பது கிருமி அவர் கொழுப்பைத் தின்றுவிடுவதால் அல்ல. பசி மந்தமாவதும், நோயெதிர்ப்பு வேதிப்பொருட்கள் தசையைக் கரைப்பதும்தான் காரணம். எண்ணெயை நிறுத்தினாலும் கிருமிக்கு வெள்ளணுவில் சாப்பாடு கிடைத்துக்கொண்டுதான் இருக்கும், பட்டினி கிடப்பது அவர்தான். காசநோயாளிகளுக்கு உணவுப் பொருள் கொடுத்து ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வில் (2023), சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

கொழுப்பில் கவனிக்க வேண்டியது நேரம். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரையைக் கொழுப்பான சாப்பாட்டோடு விழுங்கினால் மருந்து ரத்தத்தில் ஏறுவது குறையும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து முட்டை. குமட்டினால் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.