தென்னையில் சுருள் வெள்ளை ஈ: மருந்து கட்டலாமா?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் இரண்டு ஏக்கரில் குட்டை ரகத் தென்னை இருக்கிறது. அடி ஓலைகள் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டன. ஓலையின் கீழ்ப்பக்கம் மாவு அப்பிக் கிடக்கிறது. வேரில் மருந்து கட்டச் சொல்கிறார் கடைக்காரர் (பூச்சிமருந்துப் பையை வேரில் கட்டி, மரம் உறிஞ்சும்படி விடுவது). கட்டலாமா?

பதில்: வேண்டாம். இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தலைகாட்டியது. குட்டை ரகம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். ஓலையின் அடியில் சாறு உறிஞ்சும் ஈ கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளில் சொட்டுகிறது. அதில் வளரும் கரும்பூசணம்தான் நீங்கள் பார்க்கும் கறுப்பு. பார்ப்பதற்குத்தான் பயங்கரம், இதனால் மரம் பட்டுப்போவதில்லை.

முதலில் ஓர் ஓலையை அறுத்து, கீழ்ப்பக்கத்தைக் கைலென்ஸில் பாருங்கள். ஈயின் வெள்ளைக் கூட்டுப்புழுக்களுக்கு நடுவே கறுத்தவையும் தெரிந்தால், ஈயின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் என்கார்சியா என்ற நுண்ணிய குளவி உங்கள் தோப்புக்கு வந்துவிட்டது. கூட்டில் வட்டமான ஓட்டை இருந்தால் குளவி வெளியேறியிருக்கிறது. 'டி' வடிவப் பிளவு என்றால் ஈ. வேரில் மருந்து கட்டினால் ஈயோடு அதன் உடலுக்குள் வளரும் குளவியும் சாகும். பிறகு வெளியிலிருந்து வரும் ஈயைத் தடுக்க ஆள் இருக்காது. விற்பவருக்கு இது கவலையில்லை.

குளவி இல்லாவிட்டால், இருக்கும் தோப்பிலிருந்து கறுத்த கூட்டுப்புழுக்கள் உள்ள ஓலைத் துண்டுகளை வாங்கி, ஏக்கருக்குப் பத்து வீதம் மரங்களில் செருகிவையுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, 5 அடிக்கு ஒன்றரை அடி அளவில், ஏக்கருக்கு எட்டு. ஆறடி உயரத்தில் கட்டுங்கள். மோட்டார் வசதி இருந்தால் ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடியுங்கள். குட்டை மரம் என்பதால் உங்களுக்கு இது எளிது.

கறுப்பு உறுத்தினால், லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் பசையாகக் காய்ச்சி, ஆறவைத்து, நல்ல வெயில் நாளில் ஓலையின் மேல்பக்கம் தெளியுங்கள். காய்ந்ததும் பூசணம் படலமாக உரிந்து உதிரும். ஈ இருக்கும்வரை கறுப்பு மறுபடியும் வரும் என்பதால், அதற்கு அதிகம் செலவழிக்க வேண்டாம்.

ஊடுபயிராக வாழை இருந்தால், அதிலும் ஈ வந்துவிட்டதென்று வெட்டிவிடாதீர்கள். அந்த இலைகளில்தான் குளவியும் பெருகும். வாழை இல்லாத வரப்போரத்தில் கல்வாழை நடலாம்.