மோட்டர் ஓடுது, தண்ணி வருதில்ல: வீட்டுத் திருத்த வேலைக் கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடி: அண்ணே, கிணத்து மோட்டர் ஓடுது, தண்ணி வருதில்ல. பம் மூடியத் திறந்து தண்ணி ஊத்தினா இழுக்குது. மறுநாள் காலையில திரும்பவும் அதே கதை. மோட்டர் போயிற்றா?

மோட்டர் போகல்ல தம்பி. ஊத்தினதும் இழுக்குதெண்டா பம் நல்லா இருக்கு. பைப்பில நிக்கிற தண்ணி இரவில கிணத்துக்கே இறங்குது. அநேகமா பைப்பு அடியில இருக்கிற புட் வால்வ்தான், தண்ணிய மேல மட்டும் விட்டு, கீழ இறங்க விடாத வால்வ் அது. நம்மட பக்கம் மணல் நிலம், நாலு மணல் நடுவில சிக்கினாலே வால்வ் மூடாது.

மெயினை நிப்பாட்டி, வாய் வரைக்கும் தண்ணி நிரப்பிப் பத்து நிமிசம் பாருங்க. மட்டம் இறங்கினா பைப்பை மேல இழுத்து, வால்வைக் கழட்டி, பழைய பல் பிரஷால தேச்சுக் கழுவுங்க. ரப்பர் விறைச்சு வெடிச்சிருந்தா வால்வையே மாத்துங்க. திரும்ப இறக்கேக்க கிணத்தடியில இருந்து ஒரு அடியாவது உயர்த்தி விடுங்க. ஆனா ஆவணி மாசம் வத்தின தண்ணி மட்டத்துக்கு நல்லாக் கீழ இருக்கவேணும்.

மட்டம் இறங்கல்ல, ஓடேக்க தண்ணியோட காத்துக் குமிழ் வருதெண்டா, உறிஞ்சிற பைப்பு மூட்டில காத்து இழுக்குது. மோட்டர் ஓடேக்க அந்த மூட்டால தண்ணி ஒழுகாது, அதாலதான் கண்ணுக்குத் தெரியாது. சவர்க்கார நுரையத் தடவுங்க, ஓட்டை இருக்கிற இடத்தில நுரை உள்ள போகும்.

தண்ணி இல்லாம மோட்டரை ஓட விடாதீங்க. உள் சீல் தண்ணியாலதான் குளிருது. அது எரிஞ்சா, மறுகா மோட்டருக்கும் பம்முக்கும் நடுவால ஒழுகும்.

காத்தான்குடி: அண்ணன், குசினி டெப்புக்கு ரெண்டு வாசர் மாத்திட்டன். இன்னும் சொட்டுது.

வாசர் உக்காருற இடத்தப் பாருங்க தங்கச்சி. டாங்கி வால்வை மூடி, டெப்புத் தலையக் கழட்டி டோர்ச் அடிச்சா பித்தளை விளிம்பு ஒண்டு வட்டமாத் தெரியும். சுண்டு விரலால சுத்தித் தடவுங்க. நகம் தட்டுப்படுற இடத்தில பள்ளம் விழுந்திருக்கு. எத்தின வாசர் போட்டாலும் அதாலதான் தண்ணி வரும். மலிவான டெப்பெண்டா மாத்திறதே லாபம்.

புது டெப்பு மரைக்கு நூல் டேப் (ஒழுகாம இருக்கச் சுத்துற வெள்ளை டேப்) சுத்தேக்க, மரை நுனி உங்களப் பாக்க, மணிக்கூடு முள்ளுச் சுத்துற பக்கமா எட்டுப் பத்துச் சுத்து. மாறிச் சுத்தினா இறுக்க இறுக்க டேப் சுருண்டு வந்திரும். கடைசி இறுக்கத்தில பலத்தைக் காட்டவேணாம், சுவருக்குள்ள இருக்கிற எல்போ (வளைவு மூட்டு) வெடிச்சா சுவரை உடைக்கவேணும்.

அக்கரைப்பற்று: மழை பெஞ்சா ட்ரிப் சுவிட்ச் விழுது. அதை விட்டுட்டு நேரடியாக் கரண்ட் குடுக்கலாமா?

ஒருநாளும் வேணாம். 30 மில்லி அம்பியர் கசிஞ்சாலே விழுற அந்த சுவிட்ச் உங்கட உயிருக்கு. சின்ன பிரேக்கர் எல்லாத்தையும் கீழ போட்டு, ட்ரிப்பை ஏத்தி, ஒவ்வொண்டா மேல போடுங்க. எதைப் போட விழுதோ அந்தப் பாதையிலதான் ஈரம். முதல்ல கேட் லைட்டையும் மோட்டர் பிளக்கையும் சந்தேகப்படுங்க. எல்லாம் கீழ இருக்கேக்கயும் விழுந்தா நியூட்ரல் வயரில கசிவு இருக்கலாம். அதுக்கு வயரிங் செய்யிறவரைக் கூப்பிடுங்க.

கல்லடி: கடலோர வீடு. கதவுப் பிணைச்சல் துருப்பிடிக்குது, பெயின்ட் அடிக்கவா?

அசையிற இடத்தில பெயின்ட் தேயும், உப்புக்காத்து அங்கதான் புகும். பித்தளைப் பிணைச்சல் போடுங்க, ஸ்க்ரூவும் பித்தளையில. இரும்பு ஸ்க்ரூ போட்டா அதுதான் முதல்ல அரிச்சுப் போகும். கடைக்கு ஒரு காந்தத்தைக் கொண்டு போங்க: முலாம் பூசின இரும்பெண்டா ஒட்டும்.